சொல் விளக்கம்: டயஸ்போரா – புலம்பெயர்ந்தோர்

கிரேக்கத்தில் விதை தூவுவதுபோல் நாலாபக்கமும் சிதறடிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது டயஸ்போரா. எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் யூதர்களின் சிதறலுக்கு அதை வழங்கினார்கள். பிறகு ஆர்மீனியர், ஆப்பிரிக்கர், இந்தியர் என்று பொருள் விரிந்தது. ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த டிரினிடாட்டின் வி.எஸ். நைப்பால் (நோபல் 2001), சான்சிபாரில் பிறந்த அப்துல்ரசாக் குர்னா (நோபல் 2021) போன்றோரின் நாவல்களைப் பேசும்போது தவறாமல் வரும் சொல் இது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் தேடவேண்டியதில்லை. புலம் என்றால் நிலம், இடம். 'புலம்பெயர் மாக்கள் கலந்தினிது உறையும்' என்று காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிறது பட்டினப்பாலை. அதே பாட்டில், அத்துறைக்கு வந்த சரக்குகளில் 'காழகத்து ஆக்கமும்' உண்டு. காழகம் என்பது கடாரம் என்கிறார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. நாவலாசிரியர் கே.எஸ். மணியத்தின் ஊரான பீடோங் இருக்கும் மாநிலம். ஆனால் பாட்டில் வருகிறவர்கள் இனிது கலந்து வாழ்ந்தவர்கள். பீடோங் பால்மரத் (ரப்பர்) தோட்டங்களுக்கு நம்மவர்களைக் கொண்டுவந்தது ஆள்பிடிக்கும் கங்காணியும் கடனும். 'புலம்பெயர்' என்ற சொல்லில் அந்த வலி தானாக ஒலிக்காது, எழுதுகிறவர்தான் கொண்டுவர வேண்டும்.

கே.எஸ். மணியம் கொண்டுவந்தார். 1942இல் பீடோங்கில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதியவர். 1981இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் 'தி ரிட்டர்ன்'. இந்தியாவிலிருந்து வந்த பாட்டி பாடுபட்டு வீடு கட்டுகிறாள். அடிமனை அவளுக்குச் சொந்தமாகவில்லை. மகனும் உரிமையில்லாத மண்ணில் வீடு எழுப்புகிறான். கடைசியில் அந்த வீட்டுக்கே தீ வைத்து அதற்குள் மடிகிறான். கடல் தாண்டியவள் பாட்டிதான், ஆனால் மண் கிடைக்காத தவிப்பு மகனையும் விடவில்லை.

இங்கேதான் சொல்லாட்சியில் கவனம் வேண்டும். பீடோங்கில் பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளையைப் 'புலம்பெயர்ந்தவர்' என்பது பிழை. அவர் எங்கிருந்தும் பெயர்ந்து வரவில்லை. 'புலம்பெயர்ந்தோர் வழியினர்' என்பதே சரி. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) இழந்து பட்டணத்துக்கு வந்தவர்களுக்கு மட்டும் 'உள்நாட்டுப் புலம்பெயர்வு' என்பது பொருந்தும். 'புலம்பெயர் இலக்கியம்' 1983க்குப் பிந்தைய ஈழத்தமிழர் எழுத்தையே பெரும்பாலும் குறிப்பதால், இங்குள்ள நாவல்களை மலேசியத் தமிழர் நாவல்கள் என்றே சொல்லலாம். 'அயலகத் தமிழர்' தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிறவர்களின் சொல். தான் பிறந்த ஊரில் இருக்கும் ஒருவர் தன்னை அயலகத்தார் என்று எழுதிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை.