ஆறினால் மட்டும் கிளம்பும் கார்

பதினைந்து ஆண்டுகளைக் கடந்த கார் ஒன்றைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். காலையில் முதல் முயற்சியிலேயே கிளம்புகிறது. ஒரு மணி நேரம் குறையின்றி ஓடுகிறது. எரிபொருள் நிரப்புவதற்காகச் சில நிமிடங்கள் நிறுத்திவிட்டு மீண்டும் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுழல்கிறது, ஆனால் என்ஜின் பற்றிக்கொள்வதில்லை. அரை மணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறதாம். பேட்டரி, ஸ்பார்க் பிளக்குகள், எரிபொருள் பம்ப் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றியும் பயனில்லை. அண்மையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை நின்றுவிட்டது என்றும், பணிமனைக்குக் கொண்டுபோனால் அங்கே நன்றாகவே ஓடுகிறது என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

பெட்ரோல் என்ஜின் ஓடுவதற்குக் காற்று, எரிபொருள், அழுத்தம், உரிய நேரத்தில் ஒரு தீப்பொறி ஆகிய நான்கும் தேவை என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். குளிர்ந்த நிலையில் நன்றாகக் கிளம்புவதால் அழுத்தமும் காற்று வழியும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எஞ்சியிருப்பவை எரிபொருளும் தீப்பொறியும். சூட்டில் இவற்றைக் கெடுக்கக்கூடிய பாகங்கள் பல உண்டு. தேய்ந்துபோன பம்ப் மோட்டார், தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும், காப்பு விரிசலுற்ற இக்னிஷன் சுருள், பற்றாசு விட்டுப்போன ரிலே எனும் மின்விசை, என்ஜின் குளிர்ந்திருப்பதாகத் தவறாகச் சொல்லி அளவுக்கு மீறி எரிபொருளைப் பாய்ச்ச வைக்கும் வெப்பநிலைச் சென்சார் ஆகிய அனைத்தையும் சந்தேகிக்க இடமிருக்கிறது. ஆனால் எரிபொருளும் தீப்பொறியும் ஒரே நொடியில் சேர்ந்து காணாமற்போகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத்தான் முதலில் தேட வேண்டும். அந்தப் பொதுவான பாகம், பெரும்பாலான கார்களில், கட்டைவிரல் அளவே உள்ள கிராங்க் சென்சார்.

பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு இந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது தெரியாமல், என்ஜினை ஆளும் கணினியால் எந்த முடிவும் எடுக்க இயலாது. எந்த சிலிண்டரில் தீப்பொறி விழ வேண்டும், எப்போது எரிபொருளைத் தெளிக்க வேண்டும் என்ற இரண்டுமே அந்தக் கோணத்தைப் பொறுத்தவை. ஆகவே தண்டோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புப் பற்சக்கரத்தின் எதிரே, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இந்தச் சென்சாரைப் பொருத்துகிறார்கள். பரவலாக உள்ள ஒரு வடிவமைப்பில் அறுபது பற்களுக்கு இடம் வகுத்து, அடுத்தடுத்த இரண்டு இடங்களை மட்டும் பல்லில்லாமல் விட்டுவிடுவார்கள். மீதி 58 பற்கள் ஒவ்வொன்றும் 6 பாகை நகர்வைக் காட்டுகின்றன. பல்லில்லாத அந்த வெற்றிடம் ஒவ்வொரு சுற்றும் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுகிறது.

என்னைப் பொறுத்தவரை, காரில் உள்ள எல்லாக் கருவிகளிலும் அழகானது இதுதான். பழைய வகைச் சென்சாருக்குள் இருப்பவை ஒரு நிலைக்காந்தமும், அதன் முனையைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பியும் மட்டுமே. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் எதுவும் தேவையில்லை. இரும்புப் பல் ஒன்று நெருங்கும்போது காந்தப் புலக்கோடுகள் காற்றைவிட எளிதான வழியாக இரும்பைக் கண்டு அதன் வழியே பாய்கின்றன. சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம், அதாவது அந்தக் கோடுகளின் மொத்த அளவு, கூடுகிறது. பல் விலகும்போது அது குறைகிறது. பாயம் மாறும் வேகத்துக்கு ஏற்ற மின்னழுத்தம் சுருளில் தோன்றும் என்று 1831-ஆம் ஆண்டு ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இங்கே வேலை செய்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பல் நெருங்கும்போது பாயம் ஏறுவதால் மின்னழுத்தம் ஒரு திசையிலும், விலகும்போது பாயம் இறங்குவதால் எதிர்த்திசையிலும் இருக்கும். பல்லின் நடுப்பகுதி சென்சாருக்கு நேர் எதிரே வரும் கணத்தில் பாயம் உச்சத்தில் இருக்கும். உச்சத்தில் மாற்ற வேகம் சுழியம் என்பதால் மின்னழுத்தமும் சுழியத்தைக் கடக்கும். கோணத்தை அறியக் கணினி இப்படி ஏறி இறங்கும் மின்னழுத்த அலையின் உயரத்தைப் பார்ப்பதில்லை, அது சுழியத்தைக் கடக்கும் இந்தக் கணத்தையே குறித்துக்கொள்கிறது. இடைவெளி சற்றுக் கூடினாலும், காந்தம் வயதாகிச் சற்று வலுவிழந்தாலும் அலையின் உயரம் குறையுமே தவிர, அது சுழியத்தைக் கடக்கும் இடம் மாறுவதில்லை. தேயும், அழுக்கேறும், அதிரும் ஓர் இடத்தில் வைக்கப்படும் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான அளவீட்டு முறையை எண்ணிப் பார்ப்பது கடினம்.

ஆனால் ஃபாரடேயின் அதே விதி ஒரு பலவீனத்தையும் கூடவே கொண்டுவருகிறது. மின்னழுத்தம் மாற்ற வேகத்தைப் பொறுத்தது என்பதால், தண்டு மெல்லச் சுழலும்போது அலை சிறுத்துப்போகும். நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளில் ஓடும் என்ஜினில் விநாடிக்கு ஏறத்தாழ 6,000 பற்கள் சென்சாரைக் கடக்கின்றன. பல பத்து வோல்ட்டு உயரமுள்ள அலைகூட எழலாம். ஸ்டார்ட்டர் சுழற்றும்போது வேகம் நிமிடத்துக்கு 200 சுற்றுகள் மட்டுமே என்று கொண்டால், விநாடிக்கு 200 பற்கள்தான்; அலையின் உயரமும் முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இரைச்சலைச் செய்தியென்று எண்ணி ஏமாறாமலிருக்க, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட அலையை மட்டுமே கணினி ஏற்கும். ஆகவே நலிந்துபோன ஒரு சென்சார், ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினைத் தாங்கிப் பிடித்துவிடும். நின்றுவிட்ட என்ஜினைக் கிளப்பப் போதுமான அலையைத் தராது. வாசகரின் கார் ஒரு மணி நேரம் ஓடியும் நிறுத்தியபின் கிளம்ப மறுப்பதற்கான விளக்கத்தில் பாதி இதுவே.

மறுபாதி வெப்பத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் செப்புக் கம்பி தலைமுடியளவே தடித்தது. செம்பு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு விரிகிறது; அதைச் சூழ்ந்துள்ள பிசின் எப்பாக்சி வகையாக இருந்து, அதில் நிரப்புப் பொருள் எதுவும் கலக்காமல் இருந்தால், ஏறத்தாழ 50 பங்கோ அதற்கு மேலோ விரியும். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள சென்சாரை 100 பாகை சூடேற்றினால் செம்பு 17 மைக்ரோமீட்டரும் பிசின் 50 மைக்ரோமீட்டரும் நீள விரும்புகின்றன. இடையில் உள்ள 33 மைக்ரோமீட்டர் வேறுபாடு, கம்பியின் தடிமனில் பாதியை எட்டக்கூடியது. பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் இப்படி இழுபட்டுத் தளர்ந்த கம்பி, பெரும்பாலும் முனைகளில் இணைக்கப்பட்டிருக்கும் இடத்தில், ஒரு நாள் அறுந்துபோகிறது. அறுந்த முனைகள் குளிர்ந்த நிலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. சூடேறியதும் பிசின் அவற்றைப் பிரித்துவிடுகிறது. கம்பியின் மேற்பூச்சு விரிசலுற்று அண்டைச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது இன்னொரு வகைப் பழுது. அப்போது கம்பி அறுவதில்லை. சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்து அலை மட்டும் நலிகிறது.

ஓடும்போது தாங்கிய சென்சார் நிறுத்தியபிறகு ஏன் கெடுகிறது என்ற கேள்வியும் எழும். ஓடும் என்ஜினைச் சுற்றிக் குளிர்விப்பு நீர் பாய்கிறது, முன்னாலிருந்து காற்று வீசுகிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. ஆனால் சிலிண்டர் தலையிலும் வெளியேற்றுக் குழாயிலும் தேங்கிய வெப்பம் எங்கும் போய்விடவில்லை; அது சுற்றியுள்ள பாகங்களுக்குப் பரவுகிறது. நிறுத்திய சில நிமிடங்களில் என்ஜின் மூடியின் அடியிலுள்ள பல பாகங்கள் ஓடியபோது இருந்ததைவிடக் கூடுதலாகச் சூடாகின்றன. எரிபொருள் நிரப்பிப் பணம் கொடுத்துத் திரும்பும் நேரமே சென்சாருக்கு மிக மோசமான நேரம். அரை மணி நேரத்தில் வெப்பம் தணிந்து, அறுந்த முனைகள் மீண்டும் சேர்ந்துவிடுகின்றன.

காத்திருந்தாலே தீர்ந்துவிடும் பழுதுக்கு ஒரு தொல்லை உண்டு: காத்திருந்த நேரத்தில் யார் எதைச் செய்தாலும் அதுவே தீர்த்ததாகத் தோன்றும். பேட்டரி முனையைத் தட்டியவர், எரிபொருள் மூடியைத் திறந்து மூடியவர், வண்டிக்கு நேரம் சரியில்லை என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டவர் ஆகிய மூவருக்கும் ஒரே அளவு சான்று கிடைத்துவிடுகிறது. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்க்காத வரையில் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. பாகங்களை ஊகித்து மாற்றிக்கொண்டே போகும் பணிமனையும், நாகரிகமான பெயரில், இதையேதான் செய்கிறது. வாசகரின் எரிபொருள் பம்ப் மாற்றப்பட்டதற்கு ஒரு காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. சாவியைத் திருப்பியதும் கணினி பம்பை ஓரிரு விநாடிகள் மட்டும் இயக்கும். கிராங்க் சென்சாரிடமிருந்து செய்தி வரவில்லை என்றால் பாதுகாப்புக்காக அதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் பார்த்தவருக்குப் பம்ப் ஓடவில்லை என்பது மெய்யான காட்சியே. பம்ப் பழுது என்று அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை.

ஆகவே, பழுது இருக்கும்போதே அதைப் பிடிக்க வேண்டும். இதற்கு விலையில்லாத கருவி ஒன்று ஓட்டுநரின் கண்ணெதிரே இருக்கிறது. பெரும்பாலான கார்களில் என்ஜின் வேகத்தைக் காட்டும் முள் இதே சென்சாரின் செய்தியைக் கொண்டே நகர்கிறது. ஸ்டார்ட்டர் சுழலும்போது முள் சற்றேனும் எழுந்தால் செய்தி வருகிறது; அசையாமல் சுழியத்திலேயே கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. சில கார்களில் இவ்வளவு குறைந்த வேகத்தை முள் காட்டாது என்பதால், ஸ்கேனர் கருவியில் தெரியும் எண்ணைப் பார்ப்பது இன்னும் உறுதியானது. ஓடும்போது என்ஜின் நின்றுபோன நிகழ்ச்சி இதைவிட அதிகம் சொல்லும். கியரிலிருந்து எடுக்காமல், கிளட்ச்சை மிதிக்காமல் கார் உருண்டுகொண்டிருந்தால், சக்கரங்களே என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். எரிபொருள் தீர்ந்து நிற்கும் என்ஜினில் அப்போது முள் காரின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும். உருளும்போதே முள் சட்டென்று சுழியத்தில் விழுந்தால், சுழன்றுகொண்டிருக்கும் ஒரு தண்டை நின்றுவிட்டதாகக் கணினி நம்புகிறது என்று பொருள். திணறலோ குலுக்கலோ இல்லாமல், சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் என்ஜின் நின்றதும் இதற்கு ஒத்துப்போகிறது.

கணினி நினைவில் பி0335 என்ற பிழைக்குறி பதிந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். குறி இல்லையென்பதால் சென்சாரைக் குற்றமற்றது என்று விடுவித்துவிடக் கூடாது. ஸ்டார்ட்டர் சுழலும்போது செய்தி வராததைச் சில கணினிகள் பிழையாகவே கருதுவதில்லை. குறி பதிந்திருந்தாலும் அது சுட்டுவது மின்சுற்றை, சென்சாரை அன்று. கம்பி, இணைப்பான், பற்சக்கரம், கணினி ஆகிய அனைத்தும் அந்தச் சுற்றுக்குள் அடக்கம்.

இனி மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர். இரண்டு கம்பிகள் கொண்ட சுருள்வகைச் சென்சாரின் மின்தடை பெரும்பாலும் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை இருக்கும். குளிர்ந்த நிலையில் அளந்து, சரியாக இருக்கிறது என்று தீர்ப்பளிப்பதே இந்தப் பழுதில் நிகழும் மிகப் பரவலான தவறு. சென்சாரைக் கழற்றி, மீட்டரை இணைத்தபடியே, முடி உலர்த்தும் கருவியால் மெல்லச் சூடேற்ற வேண்டும். செம்பின் மின்தடை பாகைக்கு ஏறத்தாழ 0.39 விழுக்காடு கூடுவதால், 20 பாகையில் 800 ஓம் காட்டிய சுருள் 120 பாகையில் சுமார் 1,110 ஓம் காட்டும். இந்த ஏற்றம் இயல்பானது. சீராக ஏறும்வரை அச்சமில்லை. ஏறிக்கொண்டே இருந்த எண் திடீரென்று துள்ளி முடிவிலியைத் தொட்டு, ஆறியதும் திரும்பி வந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஒட்டிக்கொண்ட சுற்றுகளை மட்டும் இந்தச் சோதனை எப்போதும் காட்டிக்கொடுக்காது. அவற்றுக்கு ஸ்டார்ட்டரைச் சுழற்றி அலையையே அலைநோக்கியில் (ஆஸிலோஸ்கோப்) பார்க்க வேண்டும். மூன்று கம்பிகள் கொண்ட சென்சார் பெரும்பாலும் 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு, அதாவது மின்னோட்டம் பாயும் கடத்தியில் காந்தப் புலத்தால் குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்தைக் கொண்டு, இயங்குவது. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், வேகம் குறைந்தாலும் அதன் அலை சிறுக்காது, அதன் மின்தடையை அளப்பதில் பொருளில்லை. ஆயினும் சூட்டில் கெடுவது அதற்கும் உண்டு.

இருபது ஆண்டுகள் சூட்டிலும் அதிர்விலும் கிடந்த பிசினும் செம்பும் எப்படி மூப்படைகின்றன என்ற ஆய்வுக்கு, புதிய மின்கலங்களின் ஆய்வுக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்காவது கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. நாளை ஓடப்போகும் மின்சாரக் கார்களின் மோட்டார்களிலும் இதே செம்பு, பிசினில் தோய்ந்த சுருளாகத்தான் இருக்கிறது.

வாசகர் சென்சாரை மாற்ற முடிவு செய்தால், பழையதைக் கழற்றியதும் அதன் முனையைத் துடைத்துப் பார்க்கட்டும். காந்தமாதலால் அது இரும்புத் துகள்களைச் சேர்த்துக்கொள்ளும். அந்தப் படிவே அலையை நலிவிக்கக்கூடியது, சில வேளைகளில் துடைப்பதே போதுமானதாகிவிடும். இணைப்பான் உடைந்திருந்து கம்பிகளை வெட்டி ஒட்ட நேர்ந்தால், இரண்டையும் இடம் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுருளின் மின்தடை எந்தத் திசையில் அளந்தாலும் ஒன்றே என்பதால் மீட்டர் இதைக் காட்டாது. ஆனால் அலை தலைகீழாகி, கணினி தேடும் சுழியக் கடப்பு பல்லின் நடுவிலிருந்து இரண்டு பற்களுக்கு இடையிலான பள்ளத்தின் நடுவுக்கு, அதாவது 3 பாகை தள்ளிப் போய்விடும். பல்லில்லாத வெற்றிடத்திலோ அந்தக் கடப்பு தெளிவற்றுக் குழம்பும். அப்போது புத்தம் புதிய சென்சாருடன், இம்முறை குளிரிலும் சேர்த்தே, கார் கிளம்ப மறுக்கலாம்.