ஸ்டெம் கல்வி: சொல்லும் பொருளும்

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த சுருக்கப்பெயர் ஸ்டெம். செடியின் தண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே எழுத்துகளில் அமைந்திருப்பது தற்செயல்தான். 'தண்டுக் கல்வி' என்று பெயர்த்தால் பிழை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இச்சொல்லை ஆளும்போது பெரும்பாலும் ஒரு கற்பிக்கும் முறையையே குறிக்கிறார்கள். பிள்ளைகள் தம் கையால் ஒன்றைச் செய்து, அளந்து, குறை கண்டு, திருத்திச் செய்ய வேண்டும். அந்த வேலைக்குள்ளேயே நான்கு பாடங்களும் வந்து சேர வேண்டும்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1990களில் இதே நான்கையும் வேறு வரிசையில் அடுக்கி 'ஸ்மெட்' என்று எழுதிவந்தது. அங்கே கல்விப் பிரிவின் பொறுப்பில் இருந்த ஜூடித் ரமாலி 2001-இல் எழுத்துகளை இடம் மாற்றி 'ஸ்டெம்' ஆக்கினார். ஆக, பிறந்தபோது இது ஒரு நிர்வாகப் பெயர். வகுப்பறையில் என்ன செய்ய வேண்டும் என்று அது எதுவும் சொல்லவில்லை. அந்தப் பொருள் பின்னால்தான் ஏறியது. 2013-இல் அமெரிக்காவில் வெளியான 'அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள்' மழலை வகுப்பிலிருந்தே பொறியியல் வடிவமைப்பை அறிவியலோடு சேர்த்து வைத்தன. கலையையும் சேர்த்துக்கொண்டால் 'ஸ்டீம்'.

பெயர் புதிது, முறை பழையது. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வுப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், நெய்தார்கள், மரவேலை செய்தார்கள். பாடம் அந்த வேலைகளிலிருந்து எழுந்தது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவில் வைத்துத்தான் மற்றப் பாடங்களைச் சுற்றி அமைத்தது. ஒரு வேறுபாடு உண்டு. ஆதாரக் கல்வியில் நூலும் துணியும் பயன்படும் பொருளாக வெளிவர வேண்டும். ஸ்டெம் வகுப்பில் செய்த பொருள் குப்பைக்குப் போனாலும் குறையில்லை, அதன் அளவீடுகள் நோட்டில் இருந்தால் போதும்.

தமிழில் எப்படிச் சொல்வது? முதலெழுத்துகளைச் சேர்த்து 'அதொபொக' என்று ஆக்கலாம், வாயில் நிற்காது. அரசாணையிலும் கட்டுரைத் தலைப்பிலும் 'ஸ்டெம்' என்றே எழுதி, முதன்முறை வரும் இடத்தில் நான்கு பாடங்களின் பெயரையும் விரித்துவிடுவது நல்லது. முறையைச் சொல்லும் இடத்தில்தான் தமிழ்ச்சொல் கட்டாயம் தேவைப்படுகிறது. முதலில் மனத்துக்கு வருவது 'செயல்வழிக் கற்றல்'. ஆனால் தமிழ்நாட்டு ஆசிரியர் காதில் அச்சொல் வேறொன்றாக விழும்: 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய, அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்ட திட்டம். அதில் பிள்ளை தன் வேகத்தில் ஏணியின் படிகளைக் கடக்கும். பாடங்கள் தனித்தனி ஏணிகளாகவே இருந்தன. ஸ்டெம் முறைக்கு அதே பெயரை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். 'செய்முறை' என்றாலோ மேல்வகுப்புகளின் செய்முறைத் தேர்வு நினைவுக்கு வரும். அங்கே விடை முன்பே தெரியும். 'ஒருங்கிணைந்த செய்து கற்றல்' என்பதே நெருக்கமான தொடர். சற்று நீளம், ஆனால் கையால் செய்வது, பாடங்கள் ஒன்றுசேர்வது என்ற இரண்டு நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறது. இலங்கையில் எழுதுவோர் அறிவியலை 'விஞ்ஞானம்' என்றும் தொழில்நுட்பத்தைத் 'தொழினுட்பம்' என்றும் எழுதுவார்கள். அங்கே ஆரம்பப் பிரிவில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்றே ஒரு பாடம் இருப்பதால், இந்த எண்ணத்தை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

நான்கில் ஆசிரியரைத் தயங்க வைப்பது பொறியியல். 'பொறி' என்ற சொல்லுக்குக் கருவியமைப்பு என்ற பொருள் பழையது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் கோட்டையில் வளைவிற்பொறி, அதாவது தானே வளைந்து அம்பு எய்யும் எந்திர வில், உண்டு. நாலாம் வகுப்பில் பொறியியல் என்றால் இயந்திரம் வேண்டும் என்பதில்லை. தேவை ஒன்று, கட்டுப்பாடு ஒன்று, சோதித்துத் திருத்த இரண்டாம் வாய்ப்பு ஒன்று: இவை மூன்றும் இருந்தால் அது பொறியியல்.

ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். சமையலறை அலுமினியத் தாளில் 12 செ.மீ. சதுரங்கள், நாலு பேருக்கு இரண்டு. ஒரு தொட்டியில் 10 செ.மீ. ஆழத் தண்ணீர். குழுவுக்கு 35 ஒரு ரூபாய் நாணயங்கள், ஓர் அளவுகோல். 'வெட்டாமல், ஒட்டாமல், இந்த ஒரே தாளில் அதிக நாணயம் சுமக்கும் படகு செய்' என்பது பணி. எத்தனை தாங்கும் என்ற ஊகத்தை மடிப்பதற்கு முன்பே எழுத வேண்டும். பிறகு எழுதினால் எல்லா ஊகமும் சரியாகிவிடும்!

சுவரை 1 செ.மீ. உயர்த்தி மடித்தால் அடித்தளம் 10க்கு 10, கொள்ளளவு 100 கன செ.மீ. 2 செ.மீ. என்றால் 8 × 8 × 2 = 128. 3 செ.மீ. என்றால் 6 × 6 × 3 = 108. 4 செ.மீ. என்றால் 64 மட்டுமே. விளிம்பு வரை அமிழ்ந்த படகு தன் கொள்ளளவுக்கு ஏறத்தாழ ஈடான தண்ணீரை விலக்கியிருக்கும். ஒரு கன செ.மீ. தண்ணீர் ஒரு கிராம். 2011 வடிவ ஒரு ரூபாய் 3.79 கிராம். தாளின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. ஆக 2 செ.மீ. சுவர்ப் படகின் மேல்வரம்பு 33 நாணயம், 1 செ.மீ. படகுக்கு 26. பெருக்கல் வாய்பாடும் மிதத்தலும் ஒரே கேள்விக்குள் வந்துவிட்டன. யாரும் பாடம் மாற்றவில்லை.

நடைமுறையில் 33 வருவதில்லை. நாணயம் ஒரு பக்கம் குவிந்தால் படகு சாய்ந்து, எதிர்ப்பக்கச் சுவர் நீருக்கு மேலே நிற்கும்போதே இந்தப் பக்கம் தண்ணீர் ஏறும். மூலையைக் கசக்கினால் தாள் கிழிந்து கசியும்; முக்கோணமாக மடித்து வெளிச்சுவரோடு படிய அழுத்த வேண்டும். உயரத்திலிருந்து போடும் நாணயமும் மூழ்கடிக்கும். ஆசிரியரே கவனிக்கத் தவறும் கோளாறு நாணயத்தில்தான் இருக்கிறது: 2019 வடிவ ஒரு ரூபாய் 3.09 கிராம். அதே படகு இவற்றில் 41 வரை சுமக்கலாம். இரண்டும் கலந்திருந்தால் சிறந்த படகு தோற்கும், யாருக்கும் காரணம் தெரியாது. முன்பே தரம் பிரித்து வைக்க வேண்டும்.

இரண்டாம் தாள் எதற்கு? முதல் படகில் கண்ட ஒரே ஒரு குறையைத் திருத்த. சுவர் உயரத்தையும் நாணயம் அடுக்கும் முறையையும் ஒருசேர மாற்றினால் எது பலன் தந்தது என்று சொல்ல முடியாது. நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றில் இதை முடிக்கப் பார்ப்பவர்கள் இரண்டாம் தாளைத்தான் வெட்டுகிறார்கள். அப்போது மிஞ்சுவது கைவினை வகுப்பு. அது நல்லதுதான், ஆனால் ஸ்டெம் ஆகாது. முடித்த மாதிரிப் படகை மேசையில் முதலிலேயே வைத்துக் காட்டினாலும் இதே கதிதான், வகுப்பு முழுக்க ஒரே படகு வரும்.

'ஒருங்கிணைந்த' என்ற சொல்லையும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். வண்ணத்துப்பூச்சி வாரம் என்று வைத்து, தமிழில் அதன் பாட்டு, கணக்கில் அதன் படத்தை எண்ணுதல், அறிவியலில் அதன் பருவங்கள் என்று நடத்துவது ஒரே தலைப்பின் கீழ் மூன்று பாடங்கள், அவ்வளவே. ஒரு பாடத்தின் விடை இல்லாமல் அடுத்ததின் வேலை நகராது என்ற நிலை இருந்தால் அந்தச் சொல் பொருந்தும். படகில் கொள்ளளவைக் கணக்கிடாத குழு இரண்டாம் தாளை எங்கே மடிப்பது என்று தெரியாமல் நிற்கும்.

தொழில்நுட்பம் என்றால் கணினி என்று எண்ணி ரோபோப் பெட்டி வாங்குவதும் உண்டு. இந்த வகுப்பில் தொழில்நுட்பம் என்பது அளவுகோலும், கிடைத்தால் 0.1 கிராம் காட்டும் சிறு மின்தராசும்.