வார்டு: தமிழில் எப்படிச் சொல்வது?

'ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாத்திட்டாங்க' என்று போனில் கேட்டதும் வீட்டில் இருப்பவர்களுக்குப் போன உயிர் திரும்பி வரும். அந்த அளவுக்கு நம் வாழ்க்கையோடு ஒட்டிவிட்ட சொல் வார்டு. அதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொன்று சொல்வார்கள்: பிரிவு, கூடம், அறை. இதில் எது பொருந்தும் என்பதை அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய முடியாது. வார்டு என்ற கட்டட அமைப்பே கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது.

முதலில் பொருள். உள்நோயாளிகளைப் படுக்கவைத்து, ஒரு செவிலியர் குழுவின் பொறுப்பில் விட்டிருக்கும் பகுதிதான் வார்டு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் காவல், காப்பு என்று பொருள். ரயிலில் பச்சைக்கொடி காட்டும் கார்டும் இதே குடும்பம்தான். பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததால் ஒலி மாறிவிட்டது. ஹாஸ்டல் வார்டனும் இதே வேரில் வந்தவர். காவலில் தொடங்கிய சொல், காவலுக்கு உட்பட்ட பகுதியைக் குறித்தது. நகரின் பகுதி, சிறையின் பகுதி, மருத்துவமனையின் பகுதி என்று அதன் எல்லை விரிந்தது இப்படித்தான்.

அந்தக் காப்பு என்ற பொருளைக் கட்டடமாகவே மாற்றிக் காட்டியவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் காற்றும் வெளிச்சமும் இல்லாத இடங்களில் படைவீரர்கள் மடிவதைக் கண்டவர், மருத்துவமனை எப்படி இருக்க வேண்டும் என்று 1859இல் விரிவாக எழுதினார். நீண்ட கூடம், சுமார் முப்பது கட்டில்கள், இரண்டு பக்கமும் உயரமான ஜன்னல்கள், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி. செவிலியர் நின்ற இடத்திலிருந்தே எல்லா நோயாளிகளையும் பார்த்துவிடலாம். லண்டனில் 1871இல் திறந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனை இந்த அமைப்பில்தான் எழுந்தது. நம்மூர் பழைய அரசு ஆஸ்பத்திரிகளில் உயரமான கூரையோடு நீளமாக இருக்கும் கூடங்களுக்கும் இதுவே முன்மாதிரி.

இப்போது போக்கு தலைகீழ். அமெரிக்காவில் 2006ஆம் ஆண்டின் வடிவமைப்பு வழிகாட்டி நெறிகள், புதிதாகக் கட்டும் பொது வார்டுகளுக்கு ஒருவருக்கு ஓர் அறை என்பதையே அளவுகோலாக வைத்தன. இங்கிலாந்தின் பெம்பரியில் 2011இல் திறந்த அரசு மருத்துவமனையில் 512 படுக்கைகள். எல்லாமே தனியறை, ஒவ்வொன்றிலும் குளியலறை. தொற்று பரவுவது குறையும், பக்கத்துக் கட்டில் இருமலில் தூக்கம் கெடாது, டாக்டரிடம் மனம்விட்டுப் பேசலாம். ஆனால் அங்கே நடந்த ஆய்வில், செவிலியர் நடக்கும் தூரம் கூடிவிட்டது தெரிந்தது. ஒரே பார்வையில் எல்லோரையும் பார்க்கும் வசதியும் போய்விட்டது. அதனால்தான் இன்று பல புதிய கட்டடங்களில் நடுவே ஒரு பெரிய மேஜைக்குப் பதிலாக, இரண்டு அறைகளுக்கு நடுவில் ஒரு சிறு மேஜையும், அங்கே உட்கார்ந்தபடியே இரண்டு கட்டில்களையும் பார்க்க ஜன்னல்களும் வைக்கிறார்கள். அறை பிரிந்தாலும் காப்பு விட்டுப்போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

என்னை அதிகம் கவர்ந்தது ருவாண்டாவின் புட்டாரோ மருத்துவமனை. 2011இல் திறந்தது. காசநோய் காற்றில் பரவும் ஊரில், நோயாளிகள் நெருக்கியடித்துக் காத்திருக்கும் உள்நடைபாதையையே எடுத்துவிட்டு வெளித் தாழ்வாரம் வைத்தார்கள். வார்டுக்குள் கட்டில்களின் தலைமாட்டைச் சுவரோரம் வைக்காமல், கூடத்தின் நடுவே ஓடும் தாழ்வான குட்டைச்சுவரில் சேர்த்தார்கள். படுத்திருப்பவர் எதிர்க்கட்டில்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை; ஜன்னல் வழியே மலையைப் பார்க்கலாம். ஜன்னல் காட்சியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிட மரங்களைப் பார்த்துக் கிடந்தவர்கள் வலிமருந்து குறைவாகக் கேட்டார்கள், சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். கல்வெட்டுகளில் வார்டுக்கு நேர்ச்சொல் கிடைக்குமா என்றால், நகர வார்டுக்குக் கிடைக்கும்: உத்திரமேரூரில் ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். மருத்துவமனைக்கு ஆதுலர் சாலை என்ற பெயர் இருந்தது. வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, வைத்தியர், அறுவை செய்பவர், பதினைந்து நோயாளிகளுக்கு இடம் என்று கணக்கோடு சொல்கிறது. பதினைந்தே பேர் என்பதால் உள்ளே வார்டு பிரிக்கும் தேவை வந்திருக்காது. ஆதுலர் சாலை முழு மருத்துவமனைக்கான பெயர். அதை வார்டுக்கு இழுப்பது முறையல்ல.

தமிழ்நாட்டில் அதிகம் எழுதுவது 'பிரிவு'. அது இதயப் பிரிவு, எலும்புப் பிரிவு என்று மருத்துவத் துறையைச் சொல்லவே சரியாக இருக்கும்; ஒரே பிரிவுக்கு மூன்று வார்டுகள் இருக்கலாம். 'கூடம்' நைட்டிங்கேல் காலத்து வார்டுக்கு அழகாகப் பொருந்தும். பெம்பரியில் பொருந்தாது, அங்கே கூடமே இல்லை. 'அறை' அதற்கு நேரெதிர்ச் சிக்கல்.

இலங்கைத் தமிழர்கள் இதற்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். அங்கே வைத்தியசாலையில் இருப்பது நோயாளர் விடுதி. தங்கும் இடம் என்பதுதான் விடுதியின் பொருள். கூடமாக இருந்தாலும் அறைகளாக இருந்தாலும், சுவர் எங்கே வந்தாலும், சொல் அப்படியே நிற்கும். இங்கே விடுதி என்றதும் லாட்ஜும் ஹாஸ்டலும் நினைவுக்கு வரும் என்பது உண்மை. 'நோயாளர்' என்று முன்னால் சேர்த்தால் அந்தக் குழப்பம் தீர்ந்தது. ஹாஸ்டல் வார்டனை நம் அரசு ஆவணங்களே விடுதிக் காப்பாளர் என்றுதான் எழுதுகின்றன. வார்டின் பழைய பொருளான காப்பு அங்கே விடுதியோடு சேர்ந்தே நிற்கிறது.

ஆகவே எழுதும்போது: வார்டு என்பதற்கு நோயாளர் விடுதி, பிரசவ வார்டுக்கு மகப்பேற்று விடுதி, ஜெனரல் வார்டுக்குப் பொது விடுதி, வார்டு பாய்க்கு விடுதி உதவியாளர். மாநகராட்சி வார்டுக்கு வட்டம் என்பது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். பேச்சில் வார்டு என்று சொல்வதை யாரும் விடப்போவதில்லை, விட வேண்டிய அவசியமும் இல்லை. பெயர்ப்பலகையிலும் செய்தியிலும் பாடநூலிலும் விடுதி வரட்டும்.