காலி லாரியை ஓட்டிப் பார்த்தால் ஏன் எதுவும் தெரிவதில்லை?

கடலூர்ப் பக்கம் பட்டறைக்கு வரும் லாரி ஓட்டுநர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே வரிதான்: "வண்டி இழுக்கல." நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டியாக இருக்கலாம், துறைமுகத்திலிருந்து ஐஸ் பெட்டிகளோடு கிளம்பும் மீன் வண்டியாக இருக்கலாம். சமதரையில் ஒழுங்காக ஓடும். கேப்பர் மலை ஏற்றத்திலோ, புதுச்சேரி கோரிமேட்டிலோ, ஒரு மேம்பாலத்திலோ மூச்சு வாங்கி, கியரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். சரக்கை இறக்கிவிட்டு வந்த வண்டியை மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும்.

2018 ஜூலையில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, இரண்டு அச்சு லாரி சரக்கோடு சேர்த்து 18.5 டன் வரை இருக்கலாம். அதற்கு முன் 16.2 டன். முழுச் சுமையோடு அந்த லாரி சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, டயர் உராய்வையும் காற்றுத் தடையையும் சமாளித்தால் போதும். அதற்குச் சக்கரத்தில் சுமார் 27 குதிரைத்திறன் வேண்டும். இப்போது 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் ஏற்றம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் ஏற 135 குதிரைத்திறன் தேவை. சரக்கில்லாத 6 டன் வண்டி அதே ஏற்றத்தில் ஏறுவதற்கு 50கூட வேண்டாம். 150 தர வேண்டிய என்ஜின் ஏதோ கோளாறால் 90தான் தருகிறது என்றால், சமதரையில் சுமையோடு ஓடும்போதும் தெரியாது, காலியாக மேடு ஏறும்போதும் தெரியாது. சுமையும் மேடும் ஒன்றாகச் சேரும் இடத்தில் மட்டும்தான் மாட்டிக்கொள்ளும். நம் ஊர் போன்ற தட்டையான கடலோரத்தில் இந்தக் குறை மாதக் கணக்கில் ஒளிந்திருக்க இதுவே காரணம்.

திறன் என்பது டீசலும் காற்றும் எவ்வளவு வேகமாக உள்ளே போகின்றன என்பதைப் பொறுத்தது. நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும் லாரி என்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். அந்த ஏற்றத்தில் மணிக்கு 25 லிட்டருக்கு மேல் போகும் வேகத்தில் குடிக்கிறது. ஒவ்வொரு லிட்டரையும் எரிக்கக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். கன அளவில் 10 கன மீட்டருக்கு மேல். புகை இல்லாமல் எரிய இன்னும் கூடுதலாக வேண்டும். பாதி அடைத்த ஃபில்டர் ஒரு லிட்டரைத் தடையில்லாமல் விடும். 25 லிட்டர் கேட்டால்தான் திணறும்.

என்ஜினைத் தொடுவதற்கு முன் வேறு சிலவற்றைக் கழித்துவிட வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் சுற்று ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்து டிரம் மட்டும் கொதிக்கிறது என்றால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது. புகைக்குழாயை ஒரு தகட்டால் மூடி வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கில், அந்தத் தகடு பாதி மூடியபடி சிக்கிக்கொள்வதும் உண்டு. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. பழைய வண்டியில் பெடலை முழுசாக அழுத்தினால் டீசல் பம்ப்பின் நெம்புகோலும் கடைசி வரை போகிறதா என்று ஒருவர் மிதிக்க மற்றவர் பார்த்தால் தெரிந்துவிடும். காசு செலவில்லாத சோதனைகள் இவை.

அப்புறம் புகை. ஏற்றத்தில் திறன் குறைந்து கரும்புகை கொட்டினால், டீசல் போகிறது, அதை எரிக்கக் காற்று போதவில்லை. திறனும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசலே போதுமான அளவு வரவில்லை. இந்த ஒரு வித்தியாசம் பாதி வேலையை முடித்துவிடும். எலெக்ட்ரானிக் என்ஜின்களில் இதை அப்படியே நம்ப முடியாது. காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் தானே டீசலையும் குறைத்துவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை மாசைக் கட்டுப்படுத்தும் விதி) வண்டிகளில் கரித்துகளைப் புகைக்குழாயில் உள்ள ஃபில்டரே பிடித்து வைத்துக்கொள்வதால் கண்ணுக்குப் புகையும் தெரியாது.

காற்றுப் பக்கம் அதிகம் ஏமாற்றும் இடம் டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ். வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டே உள்ளே போகும் காற்றை அழுத்துவதுதான் டர்போவின் வேலை. இந்த யோசனைக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். இன்றைய டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. ஆனால் சுமை இருந்தால்தான் புகையில் அந்த வேகம் தரும் சூடும் ஓட்டமும் இருக்கும். காலி வண்டியில் அழுத்தம் பெரிதாக உருவாவதில்லை. அதனால் ஹோஸில் ஒரு கீறல் இருந்தால், சைக்கிள் டியூப்பின் ஊசி ஓட்டை காற்றடித்த பிறகுதான் சீறுவது போல, அதுவும் ஏற்றத்தில்தான் வாய் திறக்கும். பட்டறையில் நிற்கும்போது ஒட்டிக்கொண்டு முழுசாகத் தெரியும். கிளிப் பக்கத்தில் எண்ணெய்ப் பசை ஈரமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். குழாயை அடைத்து, அளவான காற்று கொடுத்து, சோப்பு நீர் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். இதைச் செய்யாமல் டர்போவையே மாற்றச் சொல்வது பெரிய அநியாயம். புது டர்போ போட்டும் அந்தக் கீறல் அங்கேயேதான் இருக்கும், கடன் மட்டும் ஏறும்.

டர்போ அழுத்திச் சூடேற்றிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் பாருங்கள். 40 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்று, 25 டிகிரிக் காற்றைவிட ஏறக்குறைய 5 சதவீதம் லேசானது. இன்டர்கூலர் இடுக்குகளில் பண்ருட்டிச் செம்மண் அடைந்திருந்தால் இழப்பு இன்னும் கூடும். மதியம் இழுக்காத வண்டி இரவில் கொஞ்சம் பரவாயில்லை என்று ஓட்டுநர் சொன்னால் இங்கேயும் ஒரு கண் வைக்கலாம்.

டீசல் பக்கம் வந்தால், முதல் பழி புதுச்சேரி பங்க் மேல்தான் விழும். அங்கே விலை குறைவதற்குக் காரணம் வரி. கந்தகம் 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் போகக்கூடாது என்ற விதி நாடு முழுக்க ஒன்றுதான். உண்மையான சிக்கல் டேங்கில் சேரும் தண்ணீர். கடல் காற்றின் ஈரம் பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவில் நீராகப் படியும். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் மாதிரியான நாட்களில் வெள்ளத்தில் நிற்கும் வண்டிக்கு, டேங்கின் மூச்சுக்குழாய் வழியாகவும் தண்ணீர் இறங்கலாம். நீர் டீசலைவிட கனம், அடியில் தங்கும். இரண்டும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து வழவழப்பான கசடாகி ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் அதே கதை திரும்ப வரும். டேங்கைக் கழுவத்தான் வேண்டும்.

இன்னொன்று, டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள குழாய். பம்ப் இங்கே உறிஞ்சுவதால், விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தேடினால் கிடைக்காது. நடுவில் கண்ணாடி போல உள்ளே தெரியும் ஒரு துண்டு ஹோஸ் இணைத்து ஓட்டினால் குமிழி ஓடுவது தெரியும். டேங்க் மூடியின் சிறு துளை அடைத்திருந்தாலும் இதே குறைதான்: கொஞ்ச தூரம் நன்றாக இழுக்கும், பிறகு தளரும். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டி மறுபடி இழுத்தால், காரணம் கிடைத்துவிட்டது.

புதிய வண்டிகளில் என்ஜினே வேண்டுமென்று அடங்கிப்போவதும் உண்டு. புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல் தீர்ந்தாலோ, கரித்துகள் ஃபில்டர் நிறைந்தாலோ, கம்ப்யூட்டர் திறனைக் குறைக்கும். உப்புக்காற்றில் சென்சாரின் முனை பச்சை பூத்துத் தவறான அளவைக் காட்டினாலும் அப்படித்தான். ஸ்கேனரில் பிழை எண்ணை மட்டும் படித்துவிட்டுப் பாகத்தை மாற்றுவது சரியில்லை. கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் எவ்வளவு, கிடைத்த அழுத்தம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் ஓடும்போது பக்கத்துப் பக்கத்தில் பார்க்க வேண்டும். பழைய வண்டி என்றால் டீசல் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு டி (T) வடிவ இணைப்பில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, நீளக் குழாயில் கேபினுக்குள் கொண்டுவந்தால் போதும். ஏற்றத்தில் முள் சரிந்தால் டீசல் வழி, முள் அசையாமல் நின்றால் அதுவரை டீசல் சரியாக வருகிறது, அடுத்துக் காற்று வழியைப் பாருங்கள்.

இந்த அளவுகளைச் சுமையோடுதான் எடுக்க வேண்டும். மீன் லோடு பட்டறையில் காத்திருக்காது. ஆனால் கரும்போ செங்கல்லோ ஏற்றியிருக்கும் ஒரு நாளில் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மேடு ஏறிவிட்டு வரலாம். அதுவும் முடியாவிட்டால் ஓட்டுநர் குறித்து வைக்க வேண்டியவை: எந்த கியர், எத்தனை சுற்றில் தளர்ந்தது, புகை என்ன நிறம், கிளம்பியதுமா, சூடான பிறகா, டேங்க் எவ்வளவு நிறைந்திருந்தது. "இழுக்கல" என்ற ஒரு சொல்லோடு இவற்றையும் சேர்த்துச் சொன்னால், மெக்கானிக் எந்த நட்டை முதலில் கழற்ற வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.