வருமானம் குறைவு என்று தெரிந்தும் ஏன் வரைகிறார்கள்?

பிளஸ் டூ முடித்த தம் மகள் பொறியியல் வேண்டாம் என்று சொல்லி, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படிப்பதில் உறுதியாக இருப்பதாகவும், ஜாதகத்தில் சுக்கிரன் உச்சத்தில் இருப்பதே காரணம் என்று சோதிடர் கூறியதாகவும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இதற்கு அறிவியல் என்ன விளக்கம் தருகிறது என்பது அவருடைய கேள்வி. சுக்கிரன் மீன ராசியைக் கடக்கும் மூன்று, நான்கு வாரங்களில் உலகெங்கும் பிறக்கும் அத்தனை குழந்தைகளுக்கும் அது உச்சம்தான். அவர்கள் எல்லோரும் தூரிகை ஏந்துவதில்லை. ஒரு பெண் யோசித்து எடுத்த முடிவைக் கோளின் கணக்கில் எழுதுவது அவளுக்குச் செய்யும் அநீதி என்பதே என் கருத்து.

இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்களில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக்கப் கெட்செல்ஸ், மிகாய் சிக்சென்ட்மிஹாயி ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். 1960களில் சிகாகோ கலைக் கழகத்தின் பள்ளியில் பயின்ற மாணவர்களை அவர்கள் பலவிதச் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். பொது அறிவுத்திறனில் அவர்கள் மற்ற கல்லூரி மாணவர்களிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. வாழ்க்கையில் எதை மதிக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு துலங்கியது: நுண்கலை மாணவர்கள் அழகியலுக்கு மிக உயர்ந்த இடமும் பொருளீட்டலுக்கு மிகத் தாழ்ந்த இடமும் கொடுத்தார்கள். அதே பள்ளியில் விளம்பரக் கலை பயின்றவர்களிடம் பொருளீட்டலுக்கான மதிப்பு கூடுதலாக இருந்தது.

ஆனால் அழகை மதிப்பவர்கள் அனைவரும் கலைஞர்களாகிவிடுவதில்லை. அடுத்து அவர்கள் செய்த சோதனையே என்னை மிகவும் கவர்ந்தது. ஓவிய மாணவர்கள் 31 பேரை ஒவ்வொருவராக ஓர் அறைக்கு அழைத்தார்கள். அங்கே இரண்டு மேசைகள். ஒன்று காலியாக இருந்தது, மற்றொன்றில் திராட்சைக் கொத்து, வெல்வெட் தொப்பி, பித்தளை ஊதுகொம்பு, பழைய புத்தகம், கண்ணாடிப் பட்டகம் என 27 பொருள்கள் இருந்தன. வேண்டியவற்றை எடுத்துக் காலி மேசையில் அமைத்து, அதை வரைய வேண்டும் என்பதைத் தவிர வேறு கட்டளை இல்லை. சிலர் இரண்டு மூன்று பொருள்களை எடுத்து வைத்து, என்ன வரையப்போகிறோம் என்பதை உடனே முடிவு செய்து வேலையில் இறங்கிவிட்டார்கள். வேறு சிலர் பல பொருள்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள், அடுக்கியதைக் கலைத்தார்கள், வரையத் தொடங்கிய பிறகும் இடம் மாற்றினார்கள்; படம் என்னவாக வரும் என்பது அவர்களுக்கே வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் வகையினர் முன்னால் இருந்த கணக்குக்கு விடை கண்டார்கள். இரண்டாம் வகையினர் முதலில் தங்களுக்கான கேள்வியைத் தேடினார்கள். வல்லுநர்கள் மதிப்பிட்டபோது இரண்டாம் வகையினரின் படங்களே அதிகப் புதுமை உடையவை என்று கருதப்பட்டன. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அவர்களை மீண்டும் தேடிச் சென்றபோது பலர் கலையையே விட்டிருந்தார்கள். நிலைத்து நின்று பெயர் பெற்றவர்களில் கேள்வியைத் தேடியவர்களின் பங்கு கூடுதலாக இருந்தது. பங்கேற்ற 31 பேரும் ஆண்கள், எண்ணிக்கையும் சிறியது என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள இயலாது. ஆயினும் அலுவலக வேலை பெரும்பாலும் தராத ஒன்றை இந்தச் சோதனை அடையாளம் காட்டியது: கேள்வியை அமைக்கும் உரிமை. இட்ட ஒவ்வொரு கோடும் மீதிப் படத்தின் சிக்கலை மாற்றுகிறது, மாறிய சிக்கல் அடுத்த கோட்டைக் கேட்கிறது, சரியா தவறா என்பது அந்தக் கணமே கண்ணுக்குத் தெரிகிறது. திறமையும் சவாலும் ஏறத்தாழ ஒரே அளவில் வளரும் இத்தகைய வேலையில் மனிதர்கள் பசியையும் நேரத்தையும் மறக்கிறார்கள். அப்படி மூழ்கி வரைந்த ஓவியர்கள், படம் முடிந்ததும் அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்கியது சிக்சென்ட்மிஹாயியை வியக்க வைத்தது. அவர்கள் நாடியது முடிந்த படத்தை அல்ல, வரைதலை என்பதை அவர் உணர்ந்த இடம் அதுதான். பின்னாளில் அவர் வளர்த்தெடுத்த ஆழ்ந்த ஈடுபாடு பற்றிய கோட்பாடும் அங்கிருந்தே முளைத்தது.

பொருளியலும் இதையே வேறு வழியில் கண்டறிந்திருக்கிறது. வேலை என்பது சுமை, கூலி அதற்கான ஈடு என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆஸ்திரேலியப் பொருளியலாளர் டேவிட் த்ராஸ்பி கலைஞர்களுக்கு இக்கணக்கு பொருந்தவில்லை என்று காட்டினார். அவர்களுக்குக் கலைக்குச் செலவிடும் நேரமே பயன். பிற வேலை பிழைப்புக்கு மட்டும். எனவே பிற வேலையில் கூலி உயர்ந்தால், அதில் கூடுதல் நேரம் உழைப்பதற்கு மாறாக, தேவையான பணம் சேர்ந்ததும் மிச்ச நேரத்தைக் கலைக்குத் திருப்புகிறார்கள். இதற்குச் சான்று நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே உண்டு. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார்கள். கைவினை சோறு போட்டது. அது வாங்கித் தந்த நேரத்தில் ஓவியமும் சிற்பமும் பிறந்தன.

சிகாகோவில் செய்ததுபோல, சென்னையிலும் கும்பகோணத்திலும் உள்ள கவின் கலைக் கல்லூரிகளின் மாணவர்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பொறுமையும் சில ஆய்வாளர்களின் சம்பளமுமே போதும்.

வாசகருக்கு உதவக்கூடிய ஆய்வு இன்னொன்று உண்டு. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை விரும்பிய மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்பே சொன்னார்கள்; இன்னொரு குழுவுக்கு முன்னறிவிப்பின்றி அதே சான்றிதழைக் கொடுத்தார்கள்; மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, விருப்பம்போல் விளையாட விட்டபோது, பரிசு பேசி வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதியை மட்டுமே வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. ஆகவே அந்தத் தந்தை மகளுக்கு நல்ல வண்ணங்களும் தாள்களும் தாராளமாக வாங்கித் தரலாம். இத்தனை படம் வரைந்தால் இன்னது தருவேன் என்று மட்டும் பேரம் பேச வேண்டாம். கல்லூரியில் சேர்வதற்கு முன், எந்தத் துணைவேலை அவளுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரத்தை மிச்சம் வைக்கும் என்பதை இருவரும் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்க்கலாம்.