ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கர் ஏன் கூவுகிறது?

பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் சித்தப்பாவிடம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு எம்பி3 ப்ளேயர் உண்டு. வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அதற்குள் போட்டு வைத்திருக்கிறார். பெரும்பாலும் நாதஸ்வரம். மாதம் ஒருமுறை கிருஷ்ணகிரிக்குக் கிளம்பும்போது அந்த ப்ளேயரை கார் ஸ்டீரியோவில் மாட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார்.

போன வருடம் ஒரு பயணத்தில் நானும் கூட இருந்தேன். சில்க் போர்டு சிக்னலில் வண்டி நின்றபோது, ஆலாபனைக்குப் பின்னால் 'ஙொய்ய்' என்று மெல்லிய ஒரு சத்தம். பச்சை விழுந்து, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறியதும் அதுவே 'கீய்ய்' என்று உயர்ந்தது. கியர் மாற்றினால் இறங்கியது, மிதித்தால் ஏறியது. நாதஸ்வரத்தோடு எஞ்சினும் சேர்ந்து பாடியது போல இருந்தது.

சித்தப்பா முதலில் ஸ்பீக்கரைச் சந்தேகப்பட்டார். மாற்றினார். பிறகு ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, ப்ளேயரை ஸ்டீரியோவோடு இணைக்கும் ஆக்ஸ் கேபிளை விலை கூடியதாக வாங்கினார். சத்தம் அசையவில்லை. கடைசியில் ஜே.சி. ரோட்டில் ஓர் எலக்ட்ரீஷியன், பானட்டைத் திறக்காமலே, "சார், அந்த சார்ஜரை மட்டும் கழட்டுங்க" என்றார். கழற்றினோம். பாட்டு மட்டும் மிச்சமிருந்தது.

பாட்டு வருவது ஆக்ஸ் கேபிளில். ப்ளேயரின் சார்ஜர் செருகியிருந்தது காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு அன்று புரியவில்லை. பிறகு தேடிப் படித்து, வரைந்து பார்த்துப் புரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஆக்ஸ் கேபிளின் 3.5 மி.மீ. ஜாக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு வளையங்களால் பிரிக்கப்பட்ட மூன்று உலோகப் பகுதிகள் தெரியும். நுனி இடது பக்க இசைக்கு, நடு வளையம் வலது பக்கத்துக்கு, அடிப்பகுதி எர்த். கார் ரப்பர் டயரில் நிற்கிறது. மண்ணோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. காரில் எர்த் என்பது வண்டியின் உலோக உடம்பு. பேட்டரியின் நெகட்டிவ் அந்த உடம்போடு போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். ஹெட்லைட், ஹாரன், ஃபேன், ஸ்டீரியோ என்று எல்லாவற்றின் மின்னோட்டமும் பேட்டரிக்குத் திரும்பும் வழி அந்த உடம்புதான்.

இசை என்பது நுனிக்கும் எர்த்துக்கும் நடுவில் உள்ள மின்னழுத்த வேறுபாடு. ஸ்டீரியோ அளப்பது அந்த வேறுபாட்டைத்தான். ஒருவரைப் பலகைமேல் நிறுத்திச் சுவரில் மாட்டிய அளவுகோலால் உயரம் பார்க்கிறோம் என்று வையுங்கள். யாரோ அந்தப் பலகையை மேலும் கீழும் ஆட்டினால், ஆள் வளர்ந்து வளர்ந்து குறைவதாகத்தான் அளவு சொல்லும். எர்த் ஆடினாலும் இதே கதைதான். அந்த ஆட்டத்தையும் ஸ்டீரியோ இசை என்றே நம்பி, பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும்.

சரி, எர்த்தை ஆட்டுவது யார்? ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது பெல்ட் மூலம் சுழன்று பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது அது. அதற்குள் பிறப்பது மூன்று கட்ட மாறுமின்னோட்டம், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக எழும் மூன்று அலைகள். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஆறு டயோடுகள் சேர்ந்து அதை நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றன. ஆனால் வெளியே வருவது தண்ணீர்க் குழாயில் வருவது போலச் சீரான ஓட்டம் அல்ல. ஒவ்வொரு கட்டத்தின் உச்சியும் வந்து போகும்போது ஒரு சின்னத் துடிப்பு அதில் தங்கிவிடுகிறது.

அந்தத் துடிப்பின் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஒரு சாதாரண காரை எடுத்துக்கொள்வோம். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றுகிறது. ஆல்டர்னேட்டரின் புல்லி சிறியது. அதனால் அது எஞ்சினைவிட சுமார் இரண்டரை மடங்கு வேகமாக, நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும். அதற்குள் ஆறு ஜோடி காந்த முனைகள் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஆறு அலை. டயோடுகளைத் தாண்டும்போது ஓர் அலைக்கு ஆறு துடிப்பு: மூன்று கட்டம், ஒவ்வொன்றிலும் மேலே ஓர் உச்சி, கீழே ஓர் உச்சி. ஆக ஒரு சுற்றுக்கு 36, நிமிடத்துக்கு 72,000, நொடிக்கு 1200. சில்க் போர்டில் கேட்ட 'ஙொய்ய்' ஏறக்குறைய இந்த 1200 ஹெர்ட்ஸ்தான். மேம்பாலத்தில் எஞ்சின் 2400 சுற்றைத் தொடும்போது சுருதி மூன்று மடங்காகி 3600 ஹெர்ட்ஸில் நிற்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையில். அந்தக் கூவல் சரியாக அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. சத்தம் துளிதான் என்றாலும் எரிச்சல் பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இந்தத் துடிப்போடுதான் வண்டியின் உடம்பு வழியாகப் பல ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கிறது. இரும்புக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு, போல்ட் துருப்பிடித்திருந்தால் இன்னும் கூடுதல். அதனால் லைட்டர் சாக்கெட்டின் எர்த் இருக்கும் இடத்துக்கும் ஸ்டீரியோவின் எர்த் இருக்கும் இடத்துக்கும் நடுவில் சில மில்லிவோல்ட் வேறுபாடு எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும். ப்ளேயர் தன் பேட்டரியில் ஓடினால் இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. சார்ஜரைச் செருகியதும்தான் ப்ளேயருக்கு இரண்டு எர்த் கிடைக்கிறது: ஒன்று சார்ஜர் வழியாக, இன்னொன்று ஆக்ஸ் கேபிள் வழியாக. ஒரு வளையம் மூடிக்கொள்கிறது. அந்த மில்லிவோல்ட்டுகள் கேபிளின் எர்த் கம்பி வழியே மின்னோட்டத்தைத் தள்ளுகின்றன, இசை அளக்கப்படும் பலகை ஆடத் தொடங்குகிறது. ஆக்ஸில் வரும் இசையின் அளவு பொதுவாக 300 மில்லிவோல்ட் பக்கம். தவில் முழங்கும்போது 3 மில்லிவோல்ட் சத்தம் காதில் படாது. ஆனால் ஆலாபனை இழைந்து அடங்கும் இடத்தில் இசையே சில மில்லிவோல்ட்டுக்கு இறங்கிவிடும். அங்கே கூவல்தான் மேலே நிற்கும்.

இதைப் புரிந்துகொண்டபின் எனக்குப் பழைய கேசட் அடாப்டர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. ஆக்ஸ் துளை இல்லாத காலத்து கார்களில், கேசட் வடிவத்தில் ஒரு டப்பாவை ஸ்டீரியோவுக்குள் தள்ளுவோம், அதிலிருந்து ஒரு வயர் வெளியே தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? அதற்குள் டேப்பே கிடையாது. 1963-ல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டில், நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் டேப் நகரும். அதன்மேல் பதிந்த காந்தத் தடங்களை ஸ்டீரியோவின் ஹெட் படிக்கும். அடாப்டரிலும் ஒரு ஹெட் உண்டு, அது ஸ்டீரியோவின் ஹெட்டுக்கு நேர் எதிரே போய் நிற்கும். ப்ளேயரிலிருந்து வரும் இசை அதன் கம்பிச்சுருளில் ஓடும்போது காந்தப்புலம் இசைக்கு ஏற்ப ஏறி இறங்கும். எதிரே இருக்கும் ஹெட்டுக்கு அது டேப் ஓடுவது போலவே தோன்றும். டேப் தீர்ந்துவிட்டதென்று மெஷின் அடாப்டரைத் துப்பிவிடாமல் இருக்க, உள்ளே பல்சக்கரங்கள் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். ப்ளேயரிலிருந்து வரும் வயர் அடாப்டரின் ஹெட்டோடு நின்றுவிடுகிறது, அங்கிருந்து ஸ்டீரியோவுக்கு ஒரு கம்பியும் போவதில்லை. காந்தம் மட்டும்தான் தாண்டுகிறது. எர்த் வளையம் மூட இடமே இல்லை. ஒலியில் கொஞ்சம் மந்தம் இருக்கும், பல்சக்கரம் கடகடக்கும், ஆனால் இந்தக் கூவல் வராது.

எஃப்எம் டிரான்ஸ்மிட்டரும் கம்பி இல்லாமல் தாண்டுவதுதான். ப்ளேயரின் பாட்டை கார் ரேடியோவுக்கு ஒலிபரப்பும் ஒரு குட்டி வானொலி நிலையம் அது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் காலியான ஓர் இடத்தைத் தேடி நாம் வைக்க வேண்டும். பெங்களூரில் அதுதான் சிரமம். நாட்டின் முதல் தனியார் எஃப்எம் 2001-ல் இங்கேதான் தொடங்கியது. இன்று 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று வரிசையாக இடம் பிடித்திருக்கிறார்கள். ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் எஃப்எம் ரிசீவர் இரண்டையும் கலந்து தராது, வலுவானதை மட்டும் பிடித்துக்கொள்ளும். லைட்டர் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்மிட்டர் நகரத்துக்குள் அந்தப் போட்டியில் அடிக்கடி தோற்கும். ஓசூர் தாண்டி நிலையங்கள் மங்க மங்க, அதே கருவி நன்றாகப் பாடத் தொடங்கும். எஃப்எம்மில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி போகாது. நாதஸ்வரத்துக்கு அது பெரிய குறை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டீரியோவிலேயே ப்ளூடூத் இருந்தால் பிரச்சினை இல்லை. யூஎஸ்பி இருந்தாலும் அப்படியே. அங்கே போவது எண்களாக மாற்றிய இசை, சில மில்லிவோல்ட் ஆட்டம் எண்ணை மாற்றிவிடாது. ஆனால் ஆக்ஸ் துளையில் செருகும் குட்டி ப்ளூடூத் ரிசீவர்களை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. செல்போனிலிருந்து ரிசீவர் வரை காற்றில் வரும் இசை, அங்கிருந்து ஸ்டீரியோவுக்குக் கம்பியில்தான் போகிறது. அந்த ரிசீவருக்கு லைட்டர் சாக்கெட்டிலிருந்தே கரன்ட் கொடுத்தால் அதே வளையம், அதே கூவல்.

சித்தப்பாவின் ஸ்டீரியோவில் ஆக்ஸ் மட்டும்தான். கிருஷ்ணகிரி போய்த் திரும்புவதற்குள் ப்ளேயரின் பழைய பேட்டரி தீர்ந்துவிடும், ஆகவே சார்ஜரையும் விட முடியாது. ஜே.சி. ரோடு எலக்ட்ரீஷியன் அதற்கும் வழி சொன்னார்: எர்த் லூப் ஐசொலேட்டர். கேபிளின் நடுவே மாட்டும் சின்ன டப்பா. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒரு சுருளில் ஓடும் இசை காந்தமாகி, பக்கத்துச் சுருளில் மறுபடி மின்சாரமாகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்ட தூண்டல் விதிதான். கேசட் அடாப்டர் செய்த வேலையும் இதுவே. இசை தாண்டும், எர்த் தாண்டாது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலிவான ஐசொலேட்டரில், கம்பிச்சுருள் சுற்றப்பட்ட இரும்பு உள்ளகம் மிகச் சிறியதாக இருக்கும். தாழ்ந்த ஒலிகளில் அலை மெதுவாக மாறுவதால் காந்தப்புலம் சேர நிறைய நேரம் கிடைக்கிறது. சிறிய உள்ளகம் அதைத் தாங்காமல் நிரம்பிவிடும், பேஸ் உடையும். தவிலின் தொப்பிப் பக்கத்தில் அது உடனே தெரியும். அந்த ஒலி சுத்தமாக வரும் அளவுக்கு ப்ளேயரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்து, மீதியை ஸ்டீரியோவில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஐசொலேட்டர் மாட்டாதவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: ப்ளேயரில் முக்கால் பங்குக்கு மேல் வைத்து, ஸ்டீரியோவில் குறைப்பது. வழியில் சேரும் சத்தம் எப்போதும் ஒரே அளவுதான். இசை அதைவிட உயரமாகக் கிளம்பினால் கூவல் அடியில் அமுங்கும்.

இன்னொன்று, இது பாட்டைப் பற்றியது அல்ல. இத்தனை நாள் சுத்தமாகப் பாடிய காரில், எதையும் புதிதாக மாட்டாமலேயே திடீரென்று கூவல் கிளம்பினால் ஸ்டீரியோவைத் தொடாதீர்கள். ஆல்டர்னேட்டரின் ஆறு டயோடுகளில் ஒன்று போயிருக்கலாம். ஒன்று போனாலும் துடிப்பு பல மடங்கு பெரிதாகும், பேட்டரிக்கு ஏறும் சார்ஜும் குறையும். எஞ்சினை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் இரண்டு முனையிலும் பிடித்துப் பாருங்கள். முள்ளோ எண்ணோ அரை வோல்ட்டைத் தாண்டினால், அன்றைக்கே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டுவிடுங்கள்.