டிப்ஸ்: டீக்காசா, கூலியா?

தமிழில் 'டிப்ஸ்' இரண்டு வேலை பார்க்கிறது. சமையல் டிப்ஸ், பரீட்சை டிப்ஸ் என்றால் குறிப்பு, யோசனை. ஓட்டலில் டிப்ஸ் என்றால் பில் தொகைக்கு மேல், பரிமாறியவருக்காக வைக்கும் காசு. ஆங்கிலத்தில் ஒருமை 'டிப்'தான். பன்மையையே நாம் ஒருமையாக்கிக்கொண்டோம். "நூறு ரூபாய் டிப்ஸ் வச்சேன்" என்பது நம் வழக்கு. இங்கே பார்க்கப்போவது இந்த இரண்டாவது பொருளை. நண்பர்கள் கூடிப் பர்கரும் பாஸ்தாவும் சாப்பிடும் அமெரிக்க உணவகங்களில், பில் வந்ததும் மேசையில் கிளம்பும் குழப்பத்தில் பாதிக்கு இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ளாததே காரணம்.

பிறப்பைப் பார்த்தால், 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்துத் திருடர்களின் குழூஉக்குறியில் 'டிப்' என்றால் 'கொடு', 'கைமாற்று'. அடுத்த நூற்றாண்டில் வேலையாளுக்குக் கொடுக்கும் சில்லறை என்ற பொருள் நிலைபெற்றது. 'சீக்கிரம் கவனிப்பதை உறுதிசெய்ய' என்று பொருள்படும் 'டு இன்ஷ்யூர் பிராம்ப்ட்னெஸ்' என்ற தொடரின் முதலெழுத்துகளே டிப் ஆனது என்று ஒரு கதை பரவலாக உலவுகிறது. நம்ப வேண்டாம். முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் செய்யும் பழக்கம் ஆங்கிலத்தில் பெருகியதே 20ஆம் நூற்றாண்டில்தான். 'டிப்' அதற்கு மிகவும் மூத்தது.

மற்ற மொழிகள் இதே காசைக் குடிக்கும் பொருளோடு சேர்த்துப் பார்த்தன. பிரெஞ்சில் 'பூர்புவார்', அதாவது 'குடிக்க'. ஜெர்மனில் 'டிரிங்கெல்ட்', குடிகாசு. ரஷ்ய மொழியின் 'சயவீயே' தேநீரிலிருந்து பிறந்த சொல். "டீக்காசு குடுங்க சார்" என்று நம் ஊரில் கேட்பது இதே குடும்பம்தான். டீக்காசு என்று சொல்லும்போதே அது சின்னத் தொகை, கொடுப்பவர் விருப்பம், கூலி வேறு கணக்கு என்ற மூன்றும் விளங்கிவிடும்.

அமெரிக்காவில் இந்த மூன்றுமே பொருந்தாது. 1966இல் அந்நாட்டுக் கூலிச் சட்டத்தில் செய்த திருத்தம், பரிமாறுபவருக்கு வரும் டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலியின் ஒரு பகுதியாக முதலாளி கணக்குக் காட்டிக்கொள்ள வழிசெய்தது. மத்தியச் சட்டப்படி முதலாளி கையிலிருந்து கொடுக்க வேண்டியது மணிக்கு 2.13 டாலர், 1991இலிருந்து இதே தொகை. பொதுவான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். இடைவெளியை டிப்ஸ் நிரப்ப வேண்டும். நிரம்பாவிட்டால் மீதியை முதலாளி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மினசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழில் முழுக் கூலிக்கு மேல்தான் டிப்ஸ். ஆனாலும் சாப்பிட வருபவர் வைக்கும் விகிதத்தில் பெரிய வேறுபாடு கிடையாது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல உணவகங்களில் பரிமாறுபவர் தன் மேசைகளின் விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காட்டை பாரில் பானம் கலப்பவருக்கும் மேசை துடைப்பவருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். நீங்கள் ஒன்றும் வைக்காமல் எழுந்தால் உங்கள் மேசைக்கான அந்தப் பங்கு அவர் கையிலிருந்து போகிறது. உணவு தாமதமானது சமையலறையின் பிழை என்றால் மேலாளரிடம் சொல்லுங்கள், டிப்ஸில் கைவைக்காதீர்கள்.

மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 18 முதல் 20 விழுக்காடு இன்று இயல்பு. வரிக்கு முந்தைய தொகையில்தான் கணக்கிட வேண்டும். நான்கு பேர் 92 டாலருக்குச் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். விற்பனை வரி 8 விழுக்காடு என்றால் 7.36. ஆக 99.36. டிப்ஸுக்கு 92இன் பத்தில் ஒன்றை எடுத்து இரட்டியுங்கள்: 9.20, 18.40. மொத்தம் 117.76, தலைக்கு 29.44. ரசீதின் அடியில் '20 விழுக்காடு' என்று அச்சிட்டிருக்கும் தொகை சில கடைகளில் வரி சேர்ந்த தொகைக்குப் போட்டதாக இருக்கும், அப்படியானால் 19.87 என்று காட்டும்.

ஆளுக்கு ஒரு விலையில் சாப்பிட்டால்தான் சண்டை. 16 டாலர் பர்கர் தின்றவர் 16 டாலரை நீட்டிவிட்டு நகர்வார். எல்லாரும் அப்படியே செய்தால், கடைசியில் கார்டு நீட்டுபவர் தலையில் 25.76 டாலர் விழும். மேலே சொன்ன கணக்கில் அவரவர் உணவின் விலையை 1.28ஆல் (உணவு 1, வரி 0.08, டிப்ஸ் 0.20) பெருக்கிக் கொடுத்தால் சரியாக வரும், பர்கர்க்காரர் 20.48 தர வேண்டும். வரி விகிதம் ஊருக்கு ஊர் மாறும். வரியில்லாத ஓரிகனில் 1.20 போதும்.

கார்டில் கட்டினால் பெரும்பாலும் இரண்டு சீட்டு வரும். கடைக்கான பிரதியில் 'டிப்', 'டோட்டல்' என்ற இரண்டு வரிகளையும் நிரப்பிக் கையெழுத்திட்டு மேசையிலேயே வைக்க வேண்டும். உங்கள் பிரதியில் எழுதிவிட்டு மற்றதை வெறுமையாக விட்டால் டிப்ஸ் போய்ச் சேராது. ரொக்கமாக வைத்தால் டிப் வரியில் கோடு போட்டு, மொத்தத்தைக் கட்டாயம் எழுதுங்கள். தள்ளுபடி கூப்பன் இருந்தால் தள்ளுபடிக்கு முந்தைய விலைக்குத்தான் டிப்ஸ். தட்டு சுமந்தவருக்கு வேலை குறையவில்லையே. கவுன்டரில் நின்று வாங்கும் இடங்களில் திரை 20 விழுக்காடு கேட்டாலும் தயங்காமல் தவிர்க்கலாம். அங்கே இது வழக்கமாக எதிர்பார்க்கப்படும் தொகை அல்ல.

ஆறு அல்லது எட்டுப் பேருக்கு மேல் போனால் 18 விழுக்காட்டைக் கடையே சேர்த்துவிடுவது உண்டு. பில்லில் 'கிராஜுவிட்டி' அல்லது 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்காமல் கீழே இன்னொரு 20 எழுதுவதுதான் நண்பர் கூட்டங்கள் அதிகம் பணம் விடும் இடம். நீங்கள் வைக்கும் டிப்ஸும் கடையே போடும் இந்தக் கட்டணமும் ஒன்றல்ல. டிப்ஸ் ஊழியருக்குச் சொந்தம். முதலாளியோ மேலாளரோ அதிலிருந்து எடுக்க 2018இன் சட்டத் திருத்தம் தடை விதிக்கிறது. கடையே போடும் கட்டணம் கடையின் வருமானம். அதில் எவ்வளவு ஊழியருக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தியாவிலும் இதே மயக்கம் உண்டு. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பில்லில் இருந்தால் நீக்கச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2,400 ரூபாய் உணவுக்கு 10 விழுக்காடு சேர்த்தால் 240 ரூபாய், பிறகு 2,640க்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி 132 ரூபாய். டீக்காசாகக் கையில் கொடுத்தால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. கார்டு இயந்திரத்தில் கூட்டிப் போட்டால் பணம் முதலில் கடையின் கணக்குக்குத்தான் போகும்.

தமிழில் என்ன சொல்வது? 'இனாம்' அரபியிலிருந்து வந்தது. இன்று நம் பேச்சில் 'சும்மா கிடைப்பது' என்றாகிவிட்டது. உழைத்தவருக்குக் கொடுப்பதை அப்படி அழைப்பது நியாயமில்லை. 'கையூட்டு' லஞ்சம். 'ஊக்கத்தொகை' முதலாளி தருவது. 'பணிக்கொடை' கேட்க நன்றாக இருந்தாலும், ஓய்வின்போது கிடைக்கும் தொகைக்கு அது நிலைத்துவிட்டது. ஆங்கிலத்தில் 'கிராஜுவிட்டி' டிப்ஸ், ஓய்வுத்தொகை இரண்டையும் குறிக்கும், தமிழில் அந்தக் குழப்பம் எதற்கு? பேச்சில் டீக்காசு என்ற சொல்லே போதும். எழுத்தில் 'பரிமாறுநர் அன்பளிப்பு' என்றும், கடை போடுவதைச் 'சேவைக் கட்டணம்' என்றும் பிரித்து எழுதலாம். அமெரிக்க வழக்கத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் 'அன்பளிப்பு' பொய்யாகிவிடும். அங்கே 'பரிமாறுகூலி' என்றே எழுதுங்கள்.